புல்லும் மேகமும் இல்லாத கம்ப்யூட்டர்

நம் வயதுக்காரர்களில் பெரும்பாலோர் கம்ப்யூட்டரை முதன்முதலில் தொட்டது பிரவுசிங் சென்டரில்தான் இருக்கும். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு, ஏசி குளிருக்குக் கையைக் கட்டியபடி உள்ளே போயிருப்பீர்கள். நான் தொட்டது எங்கள் வீட்டுக்குள். அப்பாவின் சைக்கிள் கேரியரில் பனியன் வேஸ்ட் மூட்டைமேல் கட்டி வந்து இறங்கியது. வேலம்பாளையத்தில் ஒரே ஷீட் கூரையின் கீழ் எட்டு வீடுகள் இருந்த லைனில் எங்களுடையது ஐந்தாவது. ஒரு அறை, ஒரு பல்பு, ஒரு ஃபேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டிருந்தேன். யாரும் விடச் சொல்லவில்லை. தெற்கத்திப் பேச்சோடு இந்த ஊருக்கு வந்தவன், வகுப்பில் வாயைத் திறந்தால் நாலு பேர் திருப்பிச் சொல்லிச் சிரித்தார்கள். திறக்காமல் இருந்து பார்த்தேன், வாத்தியார் அடித்தார். அதனால் போகவில்லை. அப்பாவும் கட்டாயப்படுத்தவில்லை. அவர் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். அம்மா இன்னொரு கம்பெனியில் செக்கிங். நானும் அக்காவும் வீட்டிலிருந்து பிசிறு வெட்டுவோம். தைத்து வந்த பனியன்களில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைச் சின்னக் கத்தரியால் வெட்டி, மடித்து, கட்டுக்கட்டாகத் திருப்பிக் கொடுப்பது. அப்பாவின் கம்பெனியிலிருந்தே பீஸ் வரும்.

அக்காவுக்குப் பதினேழு. பத்தாவது முடித்து, டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்திருந்தாள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் தொடையில் விரல்கள் அடித்துக்கொண்டிருக்கும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போய் வந்தபோது அப்பா ஒரு ஏஜெண்டைக் கையோடு கூட்டி வந்தார். எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள். நூல் மில்லுக்குப் பெண்பிள்ளைகளைச் சேர்த்துவிடுகிறவர். மூன்று வருடம் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்ய வேண்டும். முடித்தால் கல்யாணத்துக்கு ஒரு தொகை தருவார்கள். சுற்றிலும் மதில், வாசலில் வாட்ச்மேன், வார்டன் அம்மா. அப்பாவுக்கு அந்த மதில்தான் பிடித்திருந்தது. லைன் வீட்டில் வயசுப்பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டு இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோமே என்ற பயம் அவருக்கு எப்போதும் உண்டு. இப்போது எனக்கும் பெண் பிள்ளை இருக்கிறது. அந்தப் பயம் புரிகிறது. மதிலைப் பற்றி அவர் நினைத்தது தப்பு என்பதும் தெரிகிறது.

மாசிக் கடைசியில் வேன் வரும் என்று ஏஜெண்ட் சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா அழவில்லை. பிசிறு வெட்டிக்கொண்டே என்னிடம் மட்டும் சொன்னாள். “உள்ள போனா தீபாவளிக்கு மட்டுந்தான் வெளிய விடுவாங்களாம்லே. எனக்குப் போகப் பிடிக்கல.”

அந்த வாரம்தான் கம்ப்யூட்டர் வந்தது. கம்பெனி ஆபீஸுக்குப் புதியது வாங்கியிருந்தார்கள். பழையது குடோனில் கிடந்தது. முதலாளியின் மகன் எடுத்துப்போகச் சொல்ல, இரும்பு விலைக்காவது போகுமே என்று அப்பா கட்டி எடுத்து வந்தார். பின்னால் பூசணிக்காய் மாதிரி உப்பிய மானிட்டர், பழுப்பு நிறத்தில் ஒரு பெட்டி, சாவி எழுத்து பாதி அழிந்த கீபோர்டு.

மறுநாள் பீஸ் கட்டுகளைத் திருப்பிக் கொடுக்கப் போன அக்கா, பேக்கிங் இன்சார்ஜிடம் ஒரு கேள்வி கேட்டாள். அவர் இந்த ஊர்க்காரர். சட்டைப் பையில் எப்போதும் மூன்று நிறப் பேனா வைத்திருப்பார். ஒவ்வொரு அட்டைப்பெட்டியிலும் எந்த சைஸ், எந்தக் கலர், எத்தனை பீஸ் என்று பேக்கிங் லிஸ்ட் அடிக்க வேண்டும். ஆபீஸில் அடிக்கிற பையன் ஷிப்மெண்ட் நாளில் திணறுவான்.

“வீட்டுல கம்ப்யூட்டர் இருந்தா அந்த லிஸ்டை ஜாப் ஒர்க்கா தருவீங்களா சார்?”

அவர் சிரித்தாராம். இந்த ஊரில் காஜா அடிப்பது ஜாப் ஒர்க், பட்டன் வைப்பது ஜாப் ஒர்க், அயர்ன் ஜாப் ஒர்க். லிஸ்ட் அடிப்பதை மட்டும் யாரும் கேட்டதில்லை. “தரலாமுங்க, அதுல என்ன இருக்குது. ஓடற மெஷினா இருக்கோணும். நான் ஒருக்கா வந்து பாத்துட்டுத்தான் சொல்லுவேன்” என்றார்.

அப்பாவிடம் அதைச் சொன்னாள். அப்பா யோசித்தார். “அவரு வந்து பாத்து சரின்னு சொல்லிட்டா இரு. இல்லன்னா வேன்ல ஏறணும். ரெண்டுல ஒண்ணு” என்றார்.

கம்ப்யூட்டரைப் போட்டால் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வெள்ளை வரி வந்து நின்றது. கம்பெனிக் கணக்கு வெளியே போகக்கூடாது என்று உள்ளே இருந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் கொடுத்திருந்தார்கள். அவினாசி ரோட்டில் ஒரு மெக்கானிக்கிடம் அப்பா கேட்டு வந்தார். புதிய விண்டோஸ் இதில் ஏறாது, மெமரி பத்தாது, இரும்புக்குப் போடு என்று அவர் சொல்லிவிட்டார்.

அக்கா திருப்புளி எடுத்துப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே பாகங்களே தெரியவில்லை. முழுக்கப் பஞ்சு. கட்டிங் ஹாலுக்குப் பக்கத்து அறையில் நாலு வருடம் ஓடிய பெட்டி. சாம்பல் நிறத்தில் ஒரு மெத்தை, அதற்குள் அடுக்கடுக்காகச் சிவப்பு, நேவி ப்ளூ, ஆரஞ்சு. எந்த வருடம் என்ன ஆர்டர் ஓடியது என்று அதை வைத்தே சொல்லிவிடலாம். கையால் பிடித்து இழுத்தபோது குருவிக்கூடு போல முழுசாக வந்தது. எரிந்த தூசியும் சாயமும் கலந்த ஒரு வாசனை. நான் தொடர்ந்து பத்துத் தும்மல் போட்டேன்.

அதன் பிறகு பழைய பேப்பர் கடை. அங்கே அக்கா அவ்வப்போது கதைப் புத்தகம் வாங்குவாள். ஒரு தமிழ்க் கம்ப்யூட்டர் பத்திரிகை, அட்டையில் பிளாஸ்டிக் உறைக்குள் சிடி ஒட்டியபடியே கிடந்தது. வாங்கியவர் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. ‘பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடாதீர்கள்’ என்று தலைப்பு. லினக்ஸ் என்ற ஒன்றை, வேண்டியதை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, சின்ன அளவில் நாமே நிறுவிக்கொள்வது எப்படி என்று மூன்று பாகமாக எழுதியிருந்தார்கள். கடையில் இருந்தது முதல் இரண்டு பாகம்.

வேலையை நாங்கள் பிரித்துக்கொண்டோம். எனக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும், ஆங்கிலத்தில் எழுத்து மட்டும் தெரியும். அக்காவுக்கு அடிக்கத் தெரியும். நான் ஒரு வரி படிப்பேன், அவள் செய்வாள். ஆங்கிலக் கட்டளை வந்தால் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லுவேன். சொல்லி முடித்ததை, துணி வெட்ட அளவாக வைக்கிற பேட்டர்ன் அட்டையில் மார்க்கர் பேனாவால் எழுதி வைப்பேன். வெளியில் வாய் திறக்காதவன் அந்த ஒரு மாதம் வீட்டுக்குள் அவ்வளவு சத்தமாகப் படித்தேன்.

சிடி வைக்கிற தட்டு திறக்கவில்லை. முன்பக்கம் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதில் கம்பி விட்டுக் குத்த வேண்டும் என்று பத்திரிகையில் போட்டிருந்தது. தையல் மெஷின் ஊசி அளவாகப் போனது. உள்ளே இருந்த பேட்டரி செத்துப்போயிருந்ததால், ஒவ்வொரு முறை போடும்போதும் கம்ப்யூட்டர் தேதியை மறந்து பல வருடம் பின்னால் போய் நிற்கும். முதலில் சிடியைப் பார் என்று அதற்குத் தினமும் புதிதாகச் சொல்ல வேண்டும். அக்கா சலிக்காமல் சொல்லுவாள்.

டிஸ்க்கைப் பாகமாகப் பிரி என்று ஒரு இடம் வந்தது, பெரியது எல்லாவற்றையும் வைக்க, சின்னது மெமரி பத்தாதபோது கைகொடுக்க. எவ்வளவுக்கு எவ்வளவு என்று எனக்குப் புரியவில்லை. அவளுக்கு உடனே புரிந்துவிட்டது.

“துணிய விரிச்சு, உடம்புக்கு இவ்வளவு, கைக்கு இவ்வளவுன்னு மார்க் போடுதாங்கல்லா. அதாம்லே இது. மெமரி கம்மியா இருக்கதால கைக்குக் கொஞ்சம் கூடப் போடணும்.”

அப்படியே போட்டாள். பிறகு எதை எதை வைக்க வேண்டும் என்று பெரிய பட்டியல் வந்தது. விளையாட்டு வேண்டாம், பாட்டு வேண்டாம், படம் வேண்டாம். எழுதுகிறது ஒன்று, திரையில் ஜன்னல் மாதிரித் திறந்து காட்டுகிறது ஒன்று, அவ்வளவுதான். அவள் ‘வேண்டாம்’ அடிக்க அடிக்க எனக்கு வருத்தமாக இருந்தது. ஒரு சீட்டு விளையாட்டையாவது வை என்று கெஞ்சினேன். “எடம் இல்லலே” என்றாள்.

சத்தம் கேட்டு வீட்டுக்கார அம்மா வந்தார். எட்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே மீட்டர், அது அவருடைய வாசலில்.

“ஏ கண்ணு, அதென்ன பொட்டி இப்படி இரையுது? மீட்டரு சக்கரம் சுத்தறதப் பாத்தா எனக்குத் தலை சுத்துது. டிவின்னாக்கூட எல்லாரும் பாக்கறதுக்கு ஆச்சு. இதுல என்னத்தப் பாக்கறீங்க?”

“எழுத்துங்கம்மா” என்றாள் அக்கா.

“எழுத்தப் பாக்கறதுக்குக் கரண்டா?” என்றவர் போய் மெயினை இறக்கிவிட்டார். பாதி ஏறியிருந்தது போயிற்று. மறுநாள் முதலிலிருந்து செய்தோம். அவர் சாப்பிட்டுப் படுக்கிற நேரமாகப் பார்த்து, மத்தியானம் ஒன்றரைக்குத் தொடங்கி, அவர் காபிக்கு எழுவதற்குள் முடித்துவிடுவது என்று. நடுவில் சிடி ஒரு இடத்தில் சிக்கியது. வெளியே எடுத்து பனியன் துணியில் துடைத்தோம். எங்கள் வீட்டில் வேறு எது இல்லாவிட்டாலும் துடைக்க நல்ல துணி உண்டு. மூன்றாவது நாள், வெயிலில் ஷீட் கூரை படபடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அது முழுசாக ஏறி முடிந்தது. சிடியை எடுத்துவிட்டு மறுபடி போட்டோம். எழுத்துகள் கீழிருந்து மேலே ஓடின. ஓடி நின்று, பெயரைக் கேட்டது. அக்கா தன் பெயரை அடித்தாள். கறுப்புத் திரையில் ஒரு கோடு மினுக்கி மினுக்கி நின்றது.

அதோடு இரண்டாம் பாகம் முடிந்துவிட்டது. ஜன்னலைத் திறப்பது மூன்றாம் பாகத்தில்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை பழைய பேப்பர் கடையில் கிடந்தோம். கடைக்காரர், “தேடிக்கோங்க, ஆனா எடுத்தத அளவு பாத்து அடுக்கி வைக்கணும்” என்று சொல்லிவிட்டார். அவருடைய கடையே எங்களால் ஒழுங்காயிற்று. இரண்டாவது ஞாயிறு, அட்டை மில்லுக்குப் போகக் கயிறு போட்டுக் கட்டியிருந்த கட்டுக்குள் அது இருந்தது. அட்டை இல்லை. மூன்றாம் பாகம் இருந்தது.

ஆங்கிலத்தில் ‘ஸ்டார்ட்’ என்று அடித்து, இடம் விடாமல் ஒரு ‘எக்ஸ்’ சேர்க்கச் சொல்லியிருந்தது. அதற்கு முன் மவுஸ் எந்த ரகம் என்று, மூன்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்களுக்கு எப்படித் தெரியும்? மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டோம். மூன்றாவதில் திரை ஒரு முறை கறுத்து, பிறகு சாம்பல் நிறமானது. நடுவில் பெருக்கல் குறி மாதிரி ஒன்று. மவுஸை நகர்த்தினால் அது நகர்ந்தது. வேறு எதுவும் இல்லை. வலது பக்கப் பித்தானை அழுத்தினால் ஒரு சின்னப் பட்டியல் விழுந்தது. அதில் முதல் வரியை அழுத்தினால் வெள்ளைத் தாள் மாதிரி ஒன்று திறந்தது. அக்கா அடிக்க ஆரம்பித்தாள். அந்த வேகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அழிந்த சாவிகள் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை, அவள் கீழே பார்ப்பதே கிடையாது.

பேக்கிங் இன்சார்ஜ் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மொபெட்டில் வந்தார். அப்பா பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலி வாங்கிப் போட்டார். அக்காவை அம்மாவோடு அடுப்புப் பக்கம் நிற்கச் சொன்னார். வெளி ஆள் வந்தால் அதுதான் வழக்கம். நான் கம்ப்யூட்டரைப் போட்டு, சாம்பல் திரைவரை கொண்டுவந்து நிறுத்தினேன்.

அவர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

“ஏனுங்க, ஒண்ணையும் காணமே?”

அப்பாவும் எட்டிப் பார்த்தார்.

“எங்க ஆபீஸ்ல புதுசு ஒண்ணு வந்திருக்குதுல்ல. போட்டவொடனே பச்சைப் புல்லு, மேகம், ஓரத்துல வரிசையாப் படம், எல்லாம் வருது. இது சரியா ஏறலைன்னு நெனைக்கறனுங்க.”

“என்னலே, சொல்லு” என்றார் அப்பா.

எனக்கு எல்லாம் தெரியும். வலது பக்கம் அழுத்த வேண்டும், அவ்வளவுதான். சொல்லக்கூட வேண்டாம், அழுத்திக் காட்டினால் போதும். கை வரவில்லை. இரண்டு பெரிய ஆள்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதும் மவுஸ் வயரை விரலில் சுற்ற ஆரம்பித்தேன்.

“வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?”

“வலது பக்கத்துப் பித்தான...” என்று அடுப்புப் பக்கமிருந்து அக்காவின் குரல் வந்தது. அப்பா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அது நின்றுவிட்டது.

பேக்கிங் இன்சார்ஜ் எழுந்தார். நல்ல மனிதர். அப்பாவின் தோளைத் தொட்டுத்தான் சொன்னார். “தப்பா நெனைச்சுக்காதீங்க. சாம்பிள் ஒரு மாதிரி, புரொடக்சன் ஒரு மாதிரின்னு இருந்தா நம்மளே பாஸ் பண்ண மாட்டோமுங்களே? அந்த மாதிரித்தான் இதும்.”

அந்த ஊரில் அதற்கு மேல் பேச்சே கிடையாது. சரக்கு வாங்குகிற பையர் கையெழுத்துப் போட்டு அனுப்பிய சாம்பிள் ஒன்று ஆபீஸ் பீரோவில் இருக்கும். தைத்து வருவது அதிலிருந்து ஒரு நூல் மாறினாலும் ரிஜெக்ட். அவருக்கு ஆபீஸ் கம்ப்யூட்டர்தான் சாம்பிள். எங்களுடையது மாறியிருந்தது.

வேன் வர இரண்டு வாரம்கூட இல்லை.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அதற்குப் பதில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முட்டாள்தனம் செய்தோம். சாம்பிளில் புல் இருந்தால் இதிலும் புல் வைத்துவிடுவது என்று. சிடியில் வேண்டாம் என்று விட்ட ஒரு படம் வரைகிற சாமானை ஏற்றி, மவுஸைப் பிடித்து நாலு நாள் வரைந்தோம். அந்த மவுஸுக்குள் ஒரு உருண்டை இருக்கும், பஞ்சு சுற்றிக்கொண்டு உருளாது. மேடு வரைந்தால் மாட்டின் திமில் மாதிரி வந்தது. மேகம் நான் போட்டது, இட்லி மாதிரி இருந்தது. ஐந்தாம் நாள் அதைத் திரைக்குப் பின்னால் வைத்தோம். புல்லும் மேகமும் வந்தன. வலது பக்கம் அழுத்தினோம். பட்டியல் விழ, நான் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து வரும் நேரம் பிடித்தது. எழுதுகிற தாள் திறக்கவே இல்லை.

அக்கா மொத்தத்தையும் அழித்தாள். பழையபடி சாம்பல்.

பிசிறு வெட்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று கத்தரியைக் கீழே வைத்தாள். “கம்பெனிக்காரங்க ஆர்டர் எப்படிலே வாங்குதாங்க? பையரக் கூட்டிட்டு வந்து மெஷினயா காட்டுதாங்க? பீஸத்தான அனுப்புதாங்க?”

பீஸ் கட்டுகளுக்கு இடையே கட்டுப் பிரியாமலிருக்கச் சொருகி வரும் கம்பெனித் தாள்களில் பழைய பேக்கிங் லிஸ்ட் ஒன்று இருந்தது. கையால் எழுதியது, முப்பது பெட்டி. அதை நான் படிக்க அவள் அடித்தாள். அடித்துக்கொண்டே வந்தவள் பதினேழாவது பெட்டியில் நிறுத்தினாள்.

“கூட்டல் தப்புலே. சின்னதும் பெருசும் சேத்தா அறுபது வருது. அம்பத்தெட்டுன்னு போட்ருக்கு.”

“மாத்திரு.”

“மாத்தக்கூடாது. சாம்பிள்ள தப்பு இருந்தாலும் சாம்பிள்படிதான் போணும். தப்புன்னு தனியா எழுதித்தான் கேக்கணும்.”

இது அப்பா வீட்டில் அடிக்கடி சொல்லுவது. ஒரு முறை காலர் கோணலாக வந்த சாம்பிளை யாரோ நேராக்கித் தைத்து, மொத்த லாட்டும் திரும்பி வந்ததாம். அவள் ஐம்பத்தெட்டு என்றே அடித்தாள். பெட்டிக்குள்ளேயே கிடந்த பழைய பிளாப்பி ஒன்றில் போட்டாள். இங்கே அடித்ததைப் புதிய கம்ப்யூட்டரில் திறந்தால் வரிகள் எல்லாம் ஒட்டிக்கொள்ளும், பிரிக்க ஒரு கட்டளை உண்டு என்று மூன்றாம் பாகத்தின் கடைசிப் பத்தியில் இருந்தது. அதையும் செய்தாள். பிளாப்பியின் மூலையில் ஒரு ஓட்டை இருக்கும். அதில் நூல் கோத்து, சாம்பிள் பீஸில் கட்டுகிற மாதிரியே ஒரு அட்டையைக் கட்டினாள். பெட்டி எண்ணிக்கை, தேதி, குறிப்பு, கையெழுத்துக்கு இடம். குறிப்பில், ‘பெட்டி 17 கூட்டல் சரிபார்க்கவும். சாம்பிள்படி அடித்துள்ளது’ என்று எழுதினாள்.

“நீ ஒண்ணும் பேச வேண்டாம். மேசைல வச்சிட்டு நில்லு” என்றாள்.

அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகும் சாக்கில் போனேன். அயர்ன் டேபிள் பக்கம் ஆவி மூடியிருந்தது. தூக்குவாளியை அவரிடம் கொடுத்துவிட்டு, பேக்கிங் ஹாலுக்குப் போய், பிளாப்பியையும் அந்தக் கைப்பட எழுதிய தாளையும் பேக்கிங் இன்சார்ஜின் மேசைமேல் வைத்துவிட்டு நின்றேன்.

அவர் அட்டையைத்தான் முதலில் பார்த்தார். சாம்பிள் அட்டையைப் பார்க்காமல் விட அவரால் முடியாது. குறிப்பைப் படித்தவர் என்னைப் பார்த்தார். எழுந்து ஆபீஸுக்குள் போனார், நான் பின்னால் போனேன். புல்லும் மேகமும் வைத்த அந்தக் கம்ப்யூட்டரில் பிளாப்பியைப் போட்டு, பிரிண்டரில் அடித்தார். கரகரவென்று தாள் வந்தது. பீஸ் அளக்கிற மாதிரியே அதை மேசையில் பரப்பி, ஸ்கேலை வரிக்கு வரி வைத்து, பழைய தாளோடு ஒத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். பதினேழாவது வரியில் ஸ்கேல் நின்றது. உதட்டுக்குள் கூட்டினார். திரும்பவும் கூட்டினார்.

“இது ஆரு பாத்தது?”

“அக்கா.”

நான் பேசியது அவ்வளவுதான்.

அந்தப் பழைய தாளை அவர் நாலாக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு, பச்சைப் பேனாவை எடுத்து அட்டையில் எழுத ஆரம்பித்தார். அப்போதுதான் கவனித்தேன், அட்டையில் அவர் எழுதும் எழுத்தும் அந்தத் தாளின் எழுத்தும் ஒன்று. அவர் எழுதிய லிஸ்ட். “கண்ணு, இதப் பத்தி அப்பாகிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம், என்ன?” என்றார். தலையாட்டினேன். என்னைவிடச் சரியான ஆள் அவருக்குக் கிடைத்திருக்க மாட்டான். அட்டையில், ‘சரி. பெட்டி நம்பர் மட்டும் பெரிதாக வேண்டும்’ என்று எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டார். அதோடு அடிக்க வேண்டிய புதுத் தாள்கட்டு ஒன்றையும் கையில் கொடுத்தார்.

அப்பாவுக்குக் கடைசிவரை அது விளங்கவில்லை. “வந்து பாத்துட்டு ஒண்ணுமே இல்லன்னாரே, இப்ப எப்படிக் குடுத்தாரு?” என்று அம்மாவிடம் பலமுறை கேட்டிருக்கிறார். ஆனால் சொன்ன சொல்லை மாற்றவில்லை.

வேன் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. உள்ளே ஏழு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஏஜெண்ட் இறங்கி வந்து, “அண்ணாச்சி, பிள்ள ரெடியா?” என்றார்.

“அவ வரல. வீட்டுலயே வேல கெடைச்சிருக்கு.”

ஏஜெண்ட் கதவுக்குள் தலையை நீட்டிப் பார்த்தார். “இந்தப் பொட்டிலயா? திரைல ஒண்ணுமே இல்லையே அண்ணாச்சி.”

“அது அப்படித்தான் இருக்கும்” என்றார் அப்பா, நேற்று வரை அதையே தானும் கேட்டவர்.

“எட்டுப் பேருன்னு மில்லுல சொல்லிட்டேன். இப்ப ஒரு ஆள் கொறையுதே” என்று சொல்லிக்கொண்டே ஏஜெண்ட் எங்கள் லைனைப் பார்த்தார். கடைசி வீட்டை நோக்கி நடந்தார். அங்கே தேனிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம், அக்காவைவிட ஒரு வயது இளையவள் ஒருத்தி. அவளுடைய அம்மா குழாயடியிலிருந்து குடத்தோடு வந்தார். கொஞ்ச நேரம் பேச்சு நடந்தது. பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை. அரைமணி நேரத்தில் அந்தப் பெண் தலை வாரி, பூ வைத்து, ஒரு கட்டைப்பையோடு வந்து வேனில் ஏறினாள். அக்கா வாசலில் நின்று பார்த்தாள். அந்தப் பெண் இவளைப் பார்த்துச் சிரித்தாள் என்று நினைக்கிறேன். எங்கேயோ ஊர் பார்க்கப் போகிற மாதிரி இருந்தது.

அக்கா உள்ளே வந்து உட்கார்ந்தாள். “படிலே” என்றாள். நான் பெட்டி நம்பர், சைஸ், கலர் என்று படித்தேன். வேன் சந்துக்குள் திரும்ப முடியாமல் பின்பக்கமாகவே நகர்ந்து போய், எங்கள் வாசலைத் தாண்டும்வரை ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவள் நிறுத்தாமல் அடித்தாள்.

மறுநாள் பேக்கிங் இன்சார்ஜ் அந்த லிஸ்டில் மூன்று இடத்தில் தப்பென்று சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார். அதன் பிறகு நாலு வருடம் அவள் அடித்த தாள்களில் வட்டம் விழுந்து வந்தது அந்த ஒன்றுதான்.